கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு?

ஒண்ணுமே செய்யலைன்னு மட்டும் சொல்லாத மல்லிகா. ஒண்ணுமே செய்யாம எந்த வீட்டு மருமகளும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்க மாட்டா. உன் மருமக கடைசியா எப்பச் சிரிச்சா? அதை மொதல்ல சொல்லு. யோசி, யோசி. அவசரமில்ல. குழாயில தண்ணி வர இன்னும் நேரம் கிடக்கு. குடத்தை அங்கன வரிசையில வச்சுட்டு இங்கன வந்து உக்காரு.

இந்தக் கேள்வி என்னோடது இல்லத்தா. நான் கைநாட்டு, எனக்கென்ன தெரியும். இது அந்தக் கம்ப்யூட்டர் பிள்ளையோட கேள்வி. நீ இந்தத் தெருவுக்குக் குடி வாரதுக்கு முந்தி நான் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்கிட்ட இட்லிக் கடை போட்டிருந்தேன்ல, அப்ப எதுத்தாப்புல ஒரு பிரவுசிங் சென்டர் இருந்துச்சு. ராமேசுவரத்துக்குப் போற தண்டவாளத்தை அகலமா மாத்தி மறுக்கா ரயில் விட்டாகளே, அதுக்கு அடுத்த வருசமோ என்னமோ. அங்கன இருந்த பொட்டி எல்லாத்துக்கும் வைத்தியம் பார்க்கிறது அந்தப் பிள்ளைதான்.

ஊரு பாம்பன் பக்கம். முப்பது வயசைத் தாண்டி இருக்கும். ஒல்லியா, உயரமா, கொண்டைக்குள்ள ஒரு பேனாவைச் சொருகியிருக்கும். கழுத்துல சங்கிலி கிடையாது, ஒரு கருப்புக் கயிறு. அதுல வெரல் தண்டிக்கு என்னமோ தொங்கும். நான் ஏர்வாடியில மந்திரிச்ச தாயத்துன்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன். பார்த்தா அது கம்ப்யூட்டருக்குள்ள சொருகுற குச்சி! அந்தப் பிள்ளை தன் பேரை என்னமோ நீளமாச் சொல்லும். எனக்கு வாயில வரல. “கம்ப்யூட்டரு”ன்னு கூப்பிடுவேன், அதுவும் “என்ன அத்தை”ன்னு வரும்.

மத்த கடையில எல்லாம் வேற மாதிரிப் பொட்டியாம், இந்தக் கடையில லினக்ஸாம். தொறந்த ஒடனே ஒரு பறவை வந்து குண்டா நிக்கும். வயிறு வெள்ளை, முதுகு கருப்பு. நம்ம கண்மாயில வார கானாங்கோழி மாதிரியே. “அது பென்குயின் அத்தை, பனி தேசத்துப் பறவை”ன்னுச்சு. “கறி எப்படி இருக்கும்?”னு கேட்டேன். திங்கிற இட்லி புரையேறிச் சிரிச்சுச்சு பாரு, நான் தலையில தட்டித் தண்ணி குடுத்தேன்.

அந்தப் பொட்டிக நோய் எல்லாம் ஒரு தினுசாத்தான் இருக்கும். படம் கோடு கோடாக் கிழியும். ஒரு படத்தை இந்தப் பக்கம் இழுத்தா, அதோட நிழலு வழி நெடுக அப்பிக்கிட்டே வரும், எண்ணெய்க் கையோட செவுத்தைத் தடவுன மாதிரி. கடைக்காரத் தம்பி இருக்கானே, நல்ல பையன்தான், ஆனா பதட்டக்காரன். ஒடனே பொட்டியை அணைச்சு அணைச்சுப் போடுவான். இது ஓடி வந்து அவன் கையைத் தட்டி விடும்.

“அணைச்சுப் போட்டாச் சரியாயிரும்க்கா.”

“சரியாயிரும். ஏன் கெட்டுச்சுங்கிறதும் அதோட சேர்ந்து அணைஞ்சு போயிரும்.”

அப்புறம் உக்காந்து கேக்கும். “கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு? அதுக்கப்புறம் என்ன மாத்துன?” எல்லாரும் சொல்றது ஒரே பதில்தான். ஒண்ணுமே மாத்தல. இது சிரிச்சுக்கிட்டே இருக்கும், சத்தமே வராது. அப்புறம் ஒண்ணை மட்டும் மாத்தும், பார்க்கும். சரியாகலையா, அதை இருந்த மாதிரியே திரும்ப வச்சிரும். அடுத்ததை மாத்தும், பார்க்கும். “ரெண்டையும் சேர்த்து மாத்திட்டா, எது சரி பண்ணுச்சுன்னு எப்படித் தெரியும் அத்தை?”ங்கும்.

பொட்டிக்கு மட்டும் கேட்டாப் பரவாயில்ல. ஊருல உள்ள எல்லாத்துக்கும் இதே கேள்விதான். ஒரு வாரமா என் மாவு பொங்கவே மாட்டேங்கிது, இட்லி கல்லு கல்லா வருது. யாரு கண்ணு பட்டுச்சோன்னு நான் மொளகாயைச் சுத்திப் போட்டுக்கிட்டு இருக்கேன். இது வந்து நின்னு, “கடைசியா எப்பப் பொங்குச்சு?”ங்குது. அரிசி மாத்துனீகளா, உளுந்து மாத்துனீகளா, தண்ணி எங்க பிடிச்சீகன்னு ஒவ்வொண்ணாக் கேட்டு, கடைசியில உப்புல வந்து நின்னுச்சு. எப்பவும் உப்பளத்துக் கல்லுப்புத்தான் போடுவேன். அந்த வாரம் பாக்கெட்டு உப்பு வாங்கியிருந்தேன். “இன்னைக்கு உப்பை மட்டும் மாத்துங்க. வேற எதையும் தொடாதீக”ன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. மறுநாள் மாவு பானையை விட்டு வெளிய வந்து தரையில நடக்குது!

எல்லாரும் என்னை மாதிரி இருப்பாகளா? கோவப்பட்டவுகளும் உண்டு. பூக்கட்டுறவ ஒருத்தி, புருசனோட சண்டை போட்டு வந்து என் கடையில உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தா. இது பக்கத்துல போயி மெதுவா, “அண்ணன் கடைசியா எப்ப ஒழுங்கா இருந்தாரு?”ன்னு கேட்டுச்சு. அவ மூக்கைச் சிந்திட்டு, “கல்யாணத்துக்கு முந்துன நாளு”ன்னா. இது தட்டை எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போயிருச்சு. நான் சட்டினி வாளியை வச்சுட்டு முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுத் திரும்பிக்கிட்டேன்.

எதுக்கு இதெல்லாம் சொல்றேன்னா, என் மகன் முருகேசு கல்யாணம். அதைச் சொல்லத்தான் ஆரம்பிச்சேன், எங்கிட்டோ போயிட்டேன்.

முருகேசு அப்ப சவுதியில லாரி ஓட்டுறான். பொண்ணு பார்த்தாச்சு, திருவாடானைக்குப் பக்கத்துல ஒரு கிராமம். மொளகாய் வெவசாயம் பார்க்கிற குடும்பம். அப்பா இல்லாத பிள்ளை, தாய்மாமன் சொல்றதுதான் அங்க சட்டம். எல்லாம் கூடி வார நேரத்துல சவுதியில இவன் தங்கியிருந்த எடத்துல தீப்பிடிச்சுப் போச்சு. போன்ல கேட்டா, “ஒண்ணுமில்லம்மா, லேசாச் சுட்டுச்சு”ங்கிறான். லீவுல ஊருக்கு வந்த ஒருத்தரு, “பையன் மூஞ்சி முழுக்கக் கட்டுல்ல போட்டிருந்தாக”ன்னு சொல்லிட்டாரு. அது திருவாடானைக்குப் போய்ச் சேர எம்புட்டு நேரமாகும்? தாய்மாமன் ஆளனுப்பிட்டாரு. போட்டோ வேண்டாம், அது எந்த வருசத்துப் போட்டோவோ. உசுரோட பேசுற மூஞ்சியை ஒருக்கா காட்டுங்க, மறுநாளே தட்டு மாத்திக்கிருவோம். இல்லாட்டி வேற எடம் பார்த்துக்கிறோம்னு.

அவுக கேட்டது நியாயம்தான். ஆனா எனக்குள்ள வேற பயம் மல்லிகா. அவன் மூஞ்சியை நானும் பார்க்கலையே! பெத்தவகிட்டயே மறைக்கிறான்னா என்ன ஆகிக் கிடக்கோன்னு, சாம்பாரு கிண்டிக்கிட்டே இருப்பேன், கண்ணுல தண்ணி வந்துரும். கேக்கிறவுகளுக்கு வெங்காயம்னு சொல்லிருவேன்.

வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. பிரவுசிங் சென்டர்ல படம் பார்த்துப் பேசலாம்னு ஏற்பாடு. அந்தப் பிள்ளை அன்னைக்குக் காலையில பரமக்குடிக்குப் போயிருந்துச்சு. தாய்மாமன், பொண்ணோட அம்மா, பொண்ணு, மூணு பேரும் வந்து எறங்குனாக. மாமனுக்கு மீசையைப் பார்த்தாலே நமக்குக் கை கட்டத் தோணும்.

கடைக்காரத் தம்பி, விசேசமா ஆளுக வாராகளேன்னு பொட்டியை அலங்காரம் பண்ணிட்டான். வெளிய சாமந்திப்பூ மாலை. அதோட விட்டானா? உள்ளயும் அலங்காரம். படத்தைத் தொட்டா அல்வா மாதிரி ஆடுது. திரை பெட்டி மாதிரி நாலு பக்கமாச் சுத்துது. அவனுக்கு மூஞ்சியெல்லாம் பெருமை. நாங்களும் வாயைப் பொளந்து பார்த்தோம்.

போன் போட்டான். “அம்மா”ன்னு கணீர்னு குரல் வந்துச்சு. ஆனா படம் வர வேண்டிய எடத்துல ஒரு நீலக் கட்டம். வெறும் நீலம்.

“மாப்ள எங்கப்பா?”ங்கிறாரு மாமன்.

“இந்தா வந்துருவாருண்ணே.”

உள்ள இருந்து முருகேசு, “அம்மா, நீ நல்லாத் தெரியுறம்மா. பச்சைச் சேலை கட்டியிருக்க”ங்கிறான்.

மாமன் என்னைத் திரும்பிப் பார்த்தாரு. “நம்மளை அவரு பார்க்கிறாரு. நம்ம அவரைப் பார்க்க முடியல. என்ன கணக்கு இது? அந்தப் பக்கம் துணியைப் போட்டு மூடியிருக்காரா?”

எனக்கும் அதே சந்தேகம் வந்துருச்சுத்தா. கடைக்காரத் தம்பிக்கு வேர்த்து ஊத்துது. மூடிட்டு மறுக்காத் தொறப்போம்னு அந்தக் கட்டத்தை மூடுனான் பாரு, அது கீழ இருந்து மேல வரைக்கும் தீப்பிடிச்சு எரிஞ்சுச்சு! நெசமான தீ மாதிரி, கொழுந்து விட்டு. அதுவும் ஒரு அலங்காரமாம், மூடுனா எரியுற மாதிரி! என் மகன் தீயில மாட்டுனதைப் பத்திப் பேச வந்த எடத்துல!

நான் போட்ட சத்தத்துல எதுத்தாப்புல என் கடையில இட்லி தின்னவுக எல்லாம் எந்திரிச்சு வந்துட்டாக. பொண்ணோட அம்மா, “சகுனமே சரியில்ல, வா போவோம்”னு பிள்ளை கையைப் பிடிச்சுட்டா. அந்த நேரம் பார்த்து நம்ம கம்ப்யூட்டர் பிள்ளை பஸ்ஸை விட்டு எறங்கி, கூட்டத்தைப் பார்த்து ஓடி வந்துச்சு.

அது நேரா தம்பியைப் பார்த்துச்சு. “கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு?”

“நேத்து ராமேசுவரத்து ஐயர் மகனோட பேசுனாரு, அப்ப படம் வந்துச்சுக்கா.”

“அதுக்கப்புறம் என்ன மாத்துன?”

“ஒண்ணுமே மாத்தலக்கா.”

இது கையை வச்சு லேசா ஒரு படத்தை நகத்துச்சு. அது அல்வா மாதிரி ஆடுச்சு. இது தம்பியைத் திரும்பிப் பார்த்துச்சு. அவன் தலையைச் சொறிஞ்சான்.

“அது... சும்மா அழகுக்குப் போட்டேன்க்கா. சம்பந்தம் பேச வாராகளேன்னு.”

அது பக்கத்துப் பொட்டியில போயி உக்காந்துருச்சு. அங்கன இருந்துக்கிட்டே இந்தப் பொட்டியை ரிப்பேர் பார்க்குமாம். “அத்தை, நீங்க அதுக்கு முன்னாலயே நில்லுங்க. தெரியுறதை மட்டும் சொல்லுங்க. தெரியணும்னு நினைக்கிறதைச் சொல்லாதீக.”

முருகேசு மறுபடி லைன்ல வந்துட்டான். “வெரசாம்மா, லீவுன்னாலும் சாயங்காலம் லோடு ஏத்தணும்”ங்கிறான்.

“என்ன தெரியுது அத்தை?”

“நீலம்.”

“ஆடுதா?”

“ஆடுது.”

டகடகன்னு தட்டுச்சு. “இப்ப? அலங்காரத்தை மட்டும் கழட்டியிருக்கேன்.”

“ஆட்டம் நின்னுருச்சு. நீலம் போயிக் கருப்பா இருக்குத்தா.”

“முழுக் கருப்பா?”

“கரிச்சட்டி அடி மாதிரி.”

அது கொண்டையில இருந்த பேனாவை உருவிக் கடிச்சுக்கிட்டே, யாரையும் பார்க்காம, சத்தமாவே சொல்லுச்சு. “அப்ப டிரைவருதான் சரியில்ல.”

மாமன் நிமுந்து உக்காந்தாரு. “என்ன சொன்னீக?”

“டிரைவர்ங்க. பழைய டிரைவர் இருந்த வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. இது பார்க்கத்தான் பகட்டு, உள்ள ஒண்ணும் சரக்கில்ல.”

“பழைய டிரைவரா? இவருக்கு முந்தி ஒருத்தரா?” மாமன் மீசை துடிக்குது. பொண்ணோட அம்மா நெஞ்சுல கை வச்சுட்டா.

அது தட்டுறதை நிப்பாட்டவே இல்ல. “கவலைப்படாதீக. இந்த டிரைவரைத் தூக்கிட்டுப் பழசையே போட்டுருவோம். பத்தே நிமிசம்.”

“அடியே!” நான் கத்திட்டேன். “என் மகனைத் தூக்கிட்டு எவனைடி போடப் போற?”

அப்பத்தான் அது எங்களைத் திரும்பிப் பார்த்துச்சு. எங்க மூஞ்சியைப் பார்த்துச்சு. அதுக்கு வெளங்குறதுக்கு முந்தி கடைக்காரத் தம்பிக்கு வெளங்கிருச்சு, அவன் நாக்காலியோட சரிஞ்சு விழுந்து சிரிக்கிறான். இது எந்திரிச்சு வந்து மாமனைக் கும்பிட்டுச்சு. “ஐயோ, மாப்பிள்ளையை இல்லண்ணே! கம்ப்யூட்டருக்குள்ள ஒரு டிரைவர் இருக்கு. படத்தைத் திரை வரைக்கும் ஓட்டிக் கொண்டு வாரது அதுதான். அலங்காரம் ஆடணும்னு இந்தத் தம்பி புதுசா ஒண்ணு போட்டிருக்கு. அதுக்கு ஆடத் தெரியுது, ஆளைக் கொண்டு வரத் தெரியல.”

“அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன”ன்னு மாமன் துண்டை ஒதறித் தோள்ல போட்டாரு. உள்ள இருந்து முருகேசு, “என்னம்மா அங்க சத்தம், யாரை மாத்தப் போறீக?”ங்கிறான் பாவம்.

அப்புறம் திரை மொத்தமா இருண்டு போச்சு. வெறும் வெள்ளை எழுத்தா மேல மேல ஓடுச்சு. எனக்கு எழுத்தும் தெரியாது, என்ன நடக்குதுன்னும் தெரியாது. கேக்கக் கேக்கச் சொல்லிக்கிட்டு இருந்தேன், “ஓடுது, ஓடுது, நின்னுருச்சு, மறுக்கா ஓடுது”ன்னு. கடைசியா அந்தக் கானாங்கோழி வந்து நின்னுச்சு. போன் போட்டான் தம்பி.

“என்ன தெரியுது அத்தை?”

நான் திரைகிட்டப் போயிக் குனிஞ்சேன் மல்லிகா. என் மகன் தெரியுறான். தலையில துண்டைச் சுத்தி, காது வரைக்கும், நெத்தி வரைக்கும் இறக்கி விட்டிருக்கான். சிரிக்கிறான். பாதி மூஞ்சிதான் வெளிய தெரியுது.

“அத்தை, தெரியுறதைச் சொல்லுங்க”ன்னுச்சு அது.

தெரியுறதைச் சொன்னேன். “துண்டுதான் தெரியுது”ன்னேன். அவன்கிட்டச் சொன்னேன், “ஏலே, துண்டை எடு.”

“சும்மா இரும்மா.”

“எடுலே.”

எடுத்தான். ஒரு பக்கம் காதுக்கு மேல தோலு பளபளன்னு செவந்து இழுத்திருக்கு. ஒரு புருவமே இல்ல. கண்ணு நல்லா இருக்கு, ரெண்டு கண்ணும். வாய் அதே வாய்தான், எங்க அய்யா வாய். எனக்கு அது போதும்னு இருந்துச்சு. ஆனா மாமன் பொண்ணோட அம்மாவைப் பார்த்தாரு. அவ மகளைப் பார்த்தா.

அந்தப் பொண்ணு, வந்ததுல இருந்து ஒரு வார்த்தை பேசாத பொண்ணு, என்னைத் தாண்டி முன்னால வந்துச்சு. திரையை நல்லாப் பார்த்துச்சு. “இன்னும் கிட்ட வரச் சொல்லுங்க”ன்னுச்சு. முருகேசு கிட்ட வந்தான். “இன்னும்.” திரை பூரா அந்தப் புருவ எடம்தான், வேற ஒண்ணுமே இல்ல.

“முளைக்குது”ன்னுச்சு.

பக்கத்துப் பொட்டியில இருந்து நம்ம ஆளு, வேலைக் கவனத்துலேயே, “படம் தெளிவா இருக்கா, கலங்கலா இருக்கா?”ங்குது.

“முடி முளைக்கிறது தெரியுற அளவுக்குத் தெளிவா இருக்குக்கா”ன்னுச்சு அந்தப் பொண்ணு. சொல்லிட்டு வெக்கப்பட்டு அம்மா பின்னால போயி ஒளிஞ்சுக்கிருச்சு.

மாமன் மீசையைத் தடவுனாரு. “ம். டிரைவர் பரவாயில்ல”ன்னாரு.

அம்புட்டுத்தான். மறுநாளே தட்டு மாத்தியாச்சு.

கல்யாணத்துக்குக் கம்ப்யூட்டர் பிள்ளையும் வந்துச்சு. பந்தியில உக்கார வச்சு இலையும் போட்டாச்சு. மைக் செட்டு கீச்சுன்னு ஒரு கத்து கத்துச்சு. அம்புட்டுத்தான், எந்திரிச்சுப் போயிருச்சு. மைக் செட்டுக்காரன்கிட்ட “கடைசியா எப்ப...”ன்னு கேக்கிறது எனக்கு இங்கன கேக்குது. எலையில வச்ச பாயாசம் ஆறிப் போச்சு.

ஒரு தடவை நான் அதுகிட்டயே திருப்பிக் கேட்டுட்டேன். கல்யாணம் கில்யாணம்னு ஒண்ணும் இல்லாம இருக்கே, ஒரு நாளும் அதைப் பத்திப் பேச்சே இல்லையேன்னு. “உனக்கு எல்லாம் சரியாத்தான இருக்கு? நீ கடைசியா எப்பத்தா நல்லா இருந்த?”ன்னேன். வாயில இட்லியோட என்னைப் பார்த்துச்சு. “இப்பத்தான் அத்தை. இன்னும் நல்லாத்தான் இருக்கு. எதையும் மாத்திராதீக”ன்னு தட்டை நீட்டுச்சு. நான் இன்னும் ரெண்டு இட்லி வச்சேன்.

அந்தப் பிரவுசிங் சென்டரை மூடுன பிறகு கோயம்புத்தூருல வேலைன்னு போச்சு. நல்லாத்தான் இருக்கும். அந்தக் கேள்வியை மட்டும் எங்க வீட்ல விட்டுட்டுப் போயிருச்சு. என் மருமக பிடிச்சுக்கிட்டா. முருகேசு சோத்துல குத்தம் சொன்னான்னா, “கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு?”ன்னு கேப்பா. அவன் தட்டை வழிச்சு நக்கிட்டு எந்திரிச்சுப் போயிருவான். எனக்கும் அவளுக்கும் முட்டிக்கிட்டாலும் அதே கேள்விதான். யோசிச்சுப் பார்த்தா ஏதாச்சும் ஒண்ணை நான்தான் நகத்தி வச்சிருப்பேன்.

சரி, நீ சொல்லு. உன் மருமக கடைசியா எப்பச் சிரிச்சா? என்னது, தீபாவளி வரைக்கும் நல்லாத்தான் இருந்தாளா? ம். தீபாவளிக்கு அப்புறம் வீட்டுல என்ன மாத்துன? ஒண்ணும் இல்லையா? புதுசா ஒண்ணும் வாங்கலையா? பீரோவா? கண்ணாடி வச்ச பெரிய பீரோவா! வாரவுக பார்க்கணும்னு அழகுக்கு வச்சிருக்கியாக்கும். எங்கன வச்ச? அவ ரூம்புலயா? எந்தப் பக்கம்? ரோட்டுப் பக்கமா?

அடி பாதகத்தி. அங்கனல்ல சன்னல் இருக்கு! அவ பகல் பூரா அந்தச் சன்னல்ல உக்காந்து ரோட்டைப் பார்த்துக்கிட்டுத்தான பூக் கட்டுவா, நானே போகையில வாரையில அவகிட்டப் பேசுவேனே! அதை மறைச்சா பீரோவை வச்சிருக்க?

போ, போயி அதை மட்டும் நகத்து. வேற எதையும் தொடாத. அவகிட்ட ஒரு வார்த்தையும் கேக்காத. நகத்திட்டு என்ன தெரியுதுன்னு பாரு. சாயங்காலம் வந்து எனக்குச் சொல்லு, தெரியுறதை மட்டும்.

ஏய், குழாய் உறுமுது, காத்து வருது, காத்து வருது... தண்ணி வந்துருச்சு மல்லிகா! எந்திரி, என் குடத்தை எவளோ பின்னால தள்ளி வச்சிருக்கா பாரு. ஏத்தா, யாரது, யாரு என் குடத்தை மாத்துனது?